வாசகர் கேள்வி பதில்: படுவான்கரைக்கு ஒரு நாள்

கேள்வி: ஞாயிறு காலையில் திடீரென்று கிளம்பி, மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களைப் பார்த்துவிட்டு இருட்டுமுன் திரும்ப முடியுமா? பாசிக்குடாவும் கல்லடியும் அலுத்துவிட்டன.
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: தாராளமாக. ஆறு மணிக்கே வெளிக்கிடுங்கள். டவுனிலேயே பெற்றோல் நிரப்புங்கள். உள்ளே போனால் பெற்றோல் செட் தேடி அலைய வேண்டும். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

காத்தான்குடி தாண்டி ஆரையம்பதியில் வலப்பக்கம் திரும்பி மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தால் கொக்கட்டிச்சோலை. 2014இல் பாலம் திறக்கும்வரை இங்கே பாதைப் படகுதான். தான்தோன்றீஸ்வரர் கோயிலில், பறங்கியர் (போர்த்துக்கேயர்) முன் புல் தின்றதாகச் சொல்லப்படும் கல் நந்தியைப் பாருங்கள். அடுத்து பழுகாமம் வழியாக மண்டூர். அங்கே முருகனுக்குக் கப்புகனார் (கோயில் பூசகர்) வாய் கட்டித் திரைக்குப் பின்னால் பூசை செய்வார். பலர் பிழைவிடுவது இங்கேதான்: வழியில் மினக்கெட்டு மதியத்துக்குப் பின் போனால் பூட்டிய கதவைத்தான் கும்பிடலாம். பூசை நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, அதற்கேற்ப மற்ற இடங்களைச் சுருக்குங்கள்.

திரும்பும்போது வந்த வழி வேண்டாம். பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிக்குடிக்கு ஏறினால் கல்முனை வீதி. மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். எருமைத் தயிர் வாங்குவதானால் கடைசியில் வாங்குங்கள், சட்டி குலுங்கினால் தயிர் உடைந்து தண்ணீர் விடும்.

வெல்லாவெளிப் பக்கம் மாலையில் யானை இறங்கும், நாலு மணிக்குமேல் அங்கே நிற்காதீர்கள். மார்கழி மழையில் தாழ்வான வீதிகளில் வெள்ளம் ஏறும். மாசிக்குப் பிறகு போங்கள்.