இன்று பதிவாகும் தகவல் நாளை திறக்கப்படுமா?

கேள்வி: ஆர்எஸ்ஏ போன்ற குறியாக்க முறைகளை உடைக்கும் குவாண்டம் கணினி இன்னும் உருவாகவில்லை. அப்படியிருக்க, எங்கள் நிறுவனத்தின் வலையமைப்புப் பாதுகாப்பை இப்போதே மாற்றும்படி வல்லுநர்கள் கூறுகிறார்கள். இந்த அவசரம் தேவைதானா?

பதில்: தேவைதான், ஆனால் எல்லாவற்றிற்கும் ஒரே அளவில் அல்ல.

இரு கணினிகள் பாதுகாப்பான தொடர்பைத் தொடங்கும்போது, முதலில் பொதுச்சாவி முறையின் (வெளிப்படையாகப் பகிரும் ஒரு சாவியும் ரகசியமாக வைத்திருக்கும் ஒரு சாவியும் கொண்ட முறை) வழியே, இருவருக்கும் பொதுவான ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. இதுவே சாவிப் பரிமாற்றம். பிறகு அந்தச் சாவியைக் கொண்டு ஏஇஎஸ் போன்ற முறையில் தகவலைக் குறியாக்கி அனுப்புகின்றன. போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி அமையுமானால், 1994இல் பீட்டர் ஷோர் வெளியிட்ட வழிமுறையால் ஆர்எஸ்ஏ, டிஃபி-ஹெல்மன், நீள்வட்ட வளைவு ஆகிய மூன்று பொதுச்சாவி முறைகளும் உடைந்துவிடும். 256 பிட் சாவியுள்ள ஏஇஎஸ் முறைக்கு அத்தகைய ஆபத்து இல்லை.

கவலை இங்கேதான் தொடங்குகிறது. இன்று உங்கள் வலையமைப்பைக் கடந்து செல்லும் தகவலை ஒருவர் குறியாக்கிய நிலையிலேயே பதிவுசெய்து வைத்திருந்து, குவாண்டம் கணினி கைக்கு வந்த பிறகு நிதானமாகப் படிக்க முடியும். இருபது ஆண்டுகள் ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவக் குறிப்புகளை அனுப்பும் நிறுவனத்துக்கு இந்த ஆபத்து ஏற்கெனவே வந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். ஆகவே, சாவிப் பரிமாற்றத்தையே முதலில் மாற்றுங்கள். மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பங்கள் சற்றுக் காத்திருக்கலாம்; முடிந்துபோன ஓர் இணைப்பில் சரிபார்க்கப்பட்ட கையொப்பத்தைப் பின்னாளில் போலியாக உருவாக்குவதால் அந்த இணைப்புக்குத் தீங்கில்லை. பல ஆண்டுகள் இயங்கவிருக்கும் கருவிகளில் மாற்ற முடியாதபடி பதிக்கப்படும் சரிபார்ப்புச் சாவிகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

குவாண்டம் கணினியையும் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்ட மாற்று வழி ஆயத்தமாகவே உள்ளது. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2024 ஆகஸ்டில் சாவிப் பரிமாற்றத்துக்கான எம்எல்-கெம் முறையையும், கையொப்பத்துக்கான எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்எச்-டிஎஸ்ஏ முறைகளையும் தரங்களாக வெளியிட்டது. எம்எல்-கெம் முறையைத் தனியாக நம்பாமல், பழைய நீள்வட்ட வளைவு முறையோடு இணைத்துப் பயன்படுத்துவதே நல்லது. நிஸ்ட் தேர்வின் நான்காம் சுற்றுவரை வந்த சைக் என்ற முறையை 2022இல் ஆய்வாளர்கள் குவாண்டம் கணினி எதுவுமின்றி, சாதாரணக் கணினிச் செயலியின் ஒரே ஒரு மையத்தை (கோர்) கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். இரண்டையும் இணைத்திருந்தால், ஒன்று உடைந்தாலும் மற்றொன்று காக்கும்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. நீள்வட்ட வளைவு முறைகளில் ஒன்றான எக்ஸ்25519 முறையின் பொதுச்சாவி 32 பைட். எம்எல்-கெம் முறையின் ஒரு வகையான எம்எல்-கெம்-768இல் அது 1184 பைட். இதனால் டிஎல்எஸ் (இணையதளங்களுடனான தொடர்பைக் குறியாக்கும் நெறிமுறை) இணைப்பின் முதல் செய்தி பெரும்பாலும் ஒரே பாக்கெட்டில், அதாவது வலையமைப்பில் ஒரே தடவையில் அனுப்பப்படும் தகவல் துண்டில், அடங்குவதில்லை. வலையமைப்புக்குக் காவலாக நிற்கும் சில பழைய ஃபயர்வால்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் இணைப்பையே துண்டித்துவிடுகின்றன. எனவே முழு வலையமைப்பிலும் இயக்குமுன் ஃபயர்வால் போன்ற இடைநிலைக் கருவிகளைச் சோதித்துப் பாருங்கள். செர்வர்களைத் தொலைவிலிருந்து பாதுகாப்பாக இயக்க உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள் 2022 முதலே இத்தகைய கலப்பு முறையை இயல்பாகப் பயன்படுத்துகிறது. ஆகவே உங்கள் செர்வர்களைப் புதுப்பிப்பதாலேயே வேலையின் ஒரு பகுதி முடிந்துவிடக்கூடும்.

கேள்வி: இதற்குப் பதிலாக, ஒளித்துகள்களின் வழியே ரகசியச் சாவியைப் பகிரும் குவாண்டம் சாவி விநியோகக் கருவிகளை வாங்கலாமா?

பதில்: பெரும்பாலான நிறுவனங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குத் தனி ஒளியியல் கருவிகள் வேண்டும், கண்ணாடி இழையில் தொலைவு கூடக்கூடச் சாவி கிடைக்கும் வேகம் குறையும். மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை உறுதிசெய்ய அதற்கும் தனியே ஒரு முறை தேவைப்படும்.