கடை ஜூஸில் ஜெல்லி ஏன் உறையவில்லை?

கேள்வி: கடையில் 1 லிட்டர் திராட்சை ஜூஸ் வாங்கி, சர்க்கரை போட்டு ஒரு மணி நேரம் காய்ச்சினேன். ஆறிய பிறகும் பாகாகவே இருக்கிறது. இன்னும் காய்ச்சலாமா? கடைக்காரர் ‘பெக்டின் பொடி’ என்று ஒன்று தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? - ஒரு வாசகி, மதுரை.

பதில்: இனி காய்ச்ச வேண்டாம். மிட்டாய் பதத்துக்குப் போகுமே தவிர ஜெல்லி ஆகாது. உறைய வைப்பது பழத்திலுள்ள பெக்டின். தெளிந்த ஜூஸ் தயாரிக்கும்போது நொதி சேர்த்து அதைத்தான் உடைத்து வடிகட்டிவிடுகிறார்கள். இல்லாத சரக்கு அடுப்பில் எங்கிருந்து வரும்? அந்தப் பாகில் தண்ணீர் விட்டு சர்பத்தாகக் குடித்துவிடுங்கள்.

அடுத்த முறை டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கம் கொத்துக் கொத்தாகத் திராட்சை தொங்கும். பின்னால் பொடி எழுத்தில் ‘பழ பானம்’ என்றிருக்கும். 10 சதவீதம் சாறு இருந்தாலே அப்படி விற்கலாம். அடர்சாற்றில் தண்ணீர் கலந்ததை ‘100% பழச்சாறு’ என்று போடாதே என்று சொல்லவே உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு 2024 ஜூன் ஆகிவிட்டது. அப்போதும் பழைய அட்டைகளைத் தீர்க்க அவகாசம் கொடுத்தார்கள்! சதவீதத்தை முன்பக்கமே பெரிதாகப் போடச் சொல்வதில் என்ன தயக்கமோ.

சரி, அந்தப் பொடி. கவரில் பிரித்துக் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். இடையில் கைமாறும்போது சர்க்கரைத்தூளைக் கலந்து எடை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினையே பெக்டின் என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. சைவக்காரர்கள் வீட்டில் அது பெரிய வம்பு. ‘ஐஎன்எஸ் 440’ (பெக்டினுக்கான உணவுச் சேர்க்கை எண்), ‘150 கிரேடு’ (உறைய வைக்கும் வலிமையின் அளவு), 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், இத்தனையும் அச்சிட்ட பாக்கெட்டாக இருக்கட்டும். குறைந்த சர்க்கரைக்கான பெக்டின் இதற்கு உதவாது.

1 லிட்டர் அசல் சாறுக்கு 1 கிலோ சர்க்கரை, 8 முதல் 10 கிராம் பெக்டின். பெக்டினை 5 மடங்கு சர்க்கரையில் கலந்து, வெதுவெதுப்பான சாற்றில் தூவிக் கிளறுங்கள். நேரடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். கொதித்ததும் மீதிச் சர்க்கரையைப் போட்டு, பெரிய தீயில் சட்டென்று காய்ச்சுங்கள். கரண்டியைச் சரித்தால் சொட்டுகள் ஒன்றுசேர்ந்து தகடாக விழ வேண்டும், அதாவது சுமார் 105 டிகிரி. கடைசியில் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. பெக்டின் கிடைக்காவிட்டால், செங்காயான கொய்யாவை வேகவைத்து வடித்த தண்ணீரைச் சாற்றில் பாதியாகச் சேருங்கள்.

ஒரே ஒரு விலக்கு. பிள்ளைகள் ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்றால் பெக்டினே வேண்டாம். நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சுவார்களே, அந்தச் சைனா கிராஸ் போதும், 1 லிட்டருக்கு 10 கிராம். ஆனால் அதை ஜூஸிலேயே போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள். புளிப்போடு கொதித்தால் உறையும் சக்தி குறைந்துவிடும். கால் பங்கு தண்ணீரில் தனியாகக் கொதிக்கவைத்து முழுக்கக் கரையுங்கள். முக்கால் பங்கு ஜூஸைத் தனியே சூடாக்கி அதில் ஊற்றுங்கள். ஜில்லென்ற ஜூஸை ஊற்றினால் ஊற்றின இடத்திலேயே திரிதிரியாக உறையும், ஏனென்றால் அது 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுக ஆரம்பித்துவிடும். பிரிட்ஜ்கூட வேண்டாம். ஆனால் இது பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கிற ஜெல்லி அல்ல. மிஞ்சினால் பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.