மகள் விமானியானால் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவாளா?

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற சனிக்கிழமை நீங்களும் மகளும் பாளையங்கோட்டையில் என்னைச் சந்தித்தபோது, கட்டணம், கல்விக் கடன், மருத்துவத் தகுதி ஆகியவற்றைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் அப்போதே விடை சொல்லிவிட்டேன். எழுந்து கிளம்பும் நேரத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் நின்றபடி விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் விமானியாக இருக்கும் உங்கள் அண்ணன் மகன் மூன்று ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இல்லை என்றும், அவன் வேலையில் ஏதும் குறை இருக்கிறதோ என்று அண்ணன் வீட்டில் கவலைப்படுகிறார்கள் என்றும், நாளை உங்கள் மகளுக்கும் இதே நிலைதானா என்றும் கேட்டீர்கள். அவனிடம் எந்தக் குறையும் இல்லை. பணிமூப்புப் பட்டியலில் அவன் இன்னும் கீழே இருக்கிறான்; அவனுடைய ஒவ்வொரு மாதத்தையும் தீர்மானிப்பது அந்த இடம்தான்.

ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வில் உட்கார்ந்தவர் என்பதால் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். பட்டியலில் முதலில் இருப்பவர் காலியிடங்கள் அனைத்தையும் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார். அடுத்தவருக்கு மிச்சம் உள்ளவற்றில் ஒன்று. கடைசியில் இருப்பவருக்கு யாரும் தொடாத ஊர். அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் இத்தகைய கலந்தாய்வு ஒவ்வொரு மாதமும் நடக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இதைப் ‘பிட்டிங்’ என்கிறார்கள். எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எந்த வகை விமானத்தை ஓட்டுவது, ஆண்டு விடுப்பை எந்த வாரத்தில் எடுப்பது என்பவையும் அதே வரிசைப்படிதான் முடிவாகின்றன. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் உணர்வது மாதாந்தர அட்டவணையைத்தான்.

அடுத்த மாதத்துக்கான பயணங்களை நிறுவனம் முன்கூட்டியே தொகுத்து வெளியிடும். தளத்தில் தொடங்கி, ஒரு நாளோ நான்கு நாளோ பல ஊர்களுக்குப் பறந்து, மீண்டும் தளத்திலேயே முடியும் ஒவ்வொரு தொகுப்புக்கும் ‘பெயரிங்’ என்று பெயர். பழைய முறையில் நிறுவனமே முழு மாத அட்டவணைகளை ஆயத்தமாக வைத்திருக்கும். விமானிகள் தங்களுக்குப் பிடித்த வரிசையில் அவற்றுக்கு எண் இட்டுக் கொடுப்பார்கள். இப்போது பல நிறுவனங்களில் விருப்பங்களை மட்டும் கணினியில் எழுதிக் கொடுத்தால் போதும்: இன்னின்ன நாள் விடுப்பு வேண்டும், விடியற்காலைப் பணி வேண்டாம், மூன்று நாள் பயணங்களாக இருந்தால் நல்லது என்று முக்கியத்துவ வரிசையில் எழுத வேண்டும். கணினி முதல் எண்காரரின் மாதத்தை முழுமையாக அமைத்துவிட்டுத்தான் இரண்டாம் எண்காரரின் பட்டியலைத் திறக்கும். பொறியியல் கலந்தாய்வில் பிள்ளைகள் கல்லூரி விருப்பங்களை வரிசைப்படுத்திப் பதிவு செய்வதைப் போன்றதுதான். அங்கே மதிப்பெண் செய்யும் வேலையை இங்கே வேலையில் சேர்ந்த தேதி செய்கிறது.

உங்கள் அண்ணன் மகனின் டிசம்பர் மாதத்தை ஓர் எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்ப்போம். அவன் தளத்தில், அவன் ஓட்டும் விமான வகையில், 200 துணை விமானிகள் இருப்பதாகவும் அவன் 180ஆவது ஆள் என்றும் வைத்துக்கொள்வோம். டிசம்பர் 24, 25 இரண்டு நாளும் விடுப்பு வேண்டும் என்று முதல் வரியில் எழுதுகிறான். அவனுக்கு முன்னால் இருக்கும் 179 பேரில் பெரும்பாலோர் அதே வரியைத்தான் எழுதியிருப்பார்கள். அன்று விமானங்கள் நிற்பதில்லை; பறந்தாக வேண்டிய பயணங்களுக்கு ஆள் போதாது என்ற கட்டம் வந்தவுடன் கணினி கீழே இருப்பவர்களின் விருப்பத்தைத் தள்ளிவிட்டுப் பணியை வைத்துவிடும். பயணங்களும் தீர்ந்துபோனால் கடைசி எண்காரர்களுக்கு ‘ரிசர்வ்’ கிடைக்கும். கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அழைத்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்கத் தயாராக இருப்பதே அந்தப் பணி. மேஜையில் கேக்கை வெட்டி வைத்துவிட்டு, சீருடையைக் கதவுக்குப் பின்னால் தேய்த்து மாட்டிவிட்டு, அழைப்பு வருமோ வராதோ என்று உட்கார்ந்திருக்கும் கிறிஸ்துமஸ் அது. அழைப்பே வராமல் நாள் முழுதும் கழிவதும் உண்டு. அந்த நாளும் பணிநாள்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அதே பையன் ஜனவரியில் பொங்கலுக்கு இரண்டு நாள் கேட்டால் அவனுக்குக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அவனுக்கு மேலே இருப்பவர்களில் அந்த நாட்களைக் குறிவைத்துக் கேட்பவர்கள் மிகச் சிலரே. எல்லோரும் விரும்புவதை விரும்பினால் பணிமூப்பு வேண்டும். பிறர் விரும்பாததை விரும்பத் தெரிந்தவருக்குக் கீழ்வரிசையிலும் நல்ல மாதம் அமையும். விடியற்காலை எழுவதில் சிரமம் இல்லாதவர்களும், ஞாயிறு விடுமுறையைப் பெரிதாக எண்ணாதவர்களும் இந்தத் தொழிலின் முதல் பத்தாண்டுகளை மற்றவர்களைவிட நிம்மதியாகக் கடப்பார்கள் என்பது என் கருத்து. உங்கள் மகளிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பணிமூப்பு எண் திறமையைப் பார்த்துத் தரப்படுவதில்லை. வேலைக்கு எடுக்கப்பட்டு ஒரே பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர்களுக்குள் வயதில் மூத்தவரை முன்னால் வைப்பது சில நிறுவனங்களின் வழக்கம், சிலவற்றில் குலுக்கல். அதன் பிறகு மேலே இருப்பவர் ஓய்வு பெற்றாலோ விலகினாலோ மட்டுமே எண் முன்னேறும். அமெரிக்காவில் விமானிகளின் ஓய்வு வயது 60இலிருந்து 65ஆக 2007 டிசம்பரில் உயர்த்தப்பட்டபோது, கீழே இருந்த இளையவர்கள் ஐந்தாண்டுகள் நின்ற இடத்திலேயே நிற்க நேர்ந்தது. ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே போவார். திரும்ப அழைக்கும்போது மூத்தவரில் தொடங்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு நிறுவனத்துக்கு மாறினால் இருபது ஆண்டு அனுபவசாலியும் அங்கே பட்டியலின் கடைசியில்தான் சேர வேண்டும். பணிமூப்பு போய்விடுமே என்று மாறுதலுக்கு விண்ணப்பிக்காமல் இருந்த ஆசிரியர்களை நீங்கள் அறிவீர்கள். அந்தத் தயக்கம் அங்கே இன்னும் கனமானது.

கேப்டன் பதவி உயர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணை விமானிகளில் இருபதாவதாக இருந்து, நினைத்த நாளில் விடுப்பும் நல்ல பயணங்களும் பெற்று வந்தவர், கேப்டன் ஆனவுடன் கேப்டன்களின் பட்டியலில் கடைசிக்கு முந்தையவராகிவிடுவார். சம்பளம் கூடும், மீண்டும் ரிசர்வ், மீண்டும் பண்டிகை நாளில் பணி. இதனால் வாய்ப்பு வந்தும் சில ஆண்டுகள் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அவர்களைத் துணிவில்லாதவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் காலத்தில் அது நன்றாக யோசித்து எடுத்த முடிவாகவே இருக்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையை, பெரும்பாலும் நிறுவனமே போட்டுத் தருகிறது. விருப்பம் கேட்கும் ஏற்பாடு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அனுபவமுள்ள கேப்டன்களை வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டனாகவே எடுப்பதும் உண்டு என்பதால், அமெரிக்காவைப் போல எண் ஒன்றே விதி என்று சொல்ல முடியாது. நிறுவனங்கள் மூடப்படுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019இலும், கோ ஃபர்ஸ்ட் 2023இலும் பறப்பதை நிறுத்தின. அங்கே சேர்த்துவைத்த மூப்பெல்லாம் அத்துடன் போயிற்று.

சட்டம் தரும் பாதுகாப்பும் இருக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் திருத்திய விதிப்படி 2025 ஜூலை முதல் விமானிகளின் வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்துள்ளது. அதற்குள் இரண்டு இரவுகள் அடங்க வேண்டும். ஆனால் உங்கள் மகளுக்குச் சென்னையில் தளம் அமைந்து, ஒவ்வொரு ஓய்வுக்கும் அவள் ஊருக்கு வர வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அந்த இரண்டு இரவுகளும் நெல்லை எக்ஸ்பிரஸிலேயே கழிந்துவிடும். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு விமானத்தில் வரலாம் என்றாலும், காலியிடம் இருந்தால்தான் ஏறலாம் என்ற வகைப் பணியாளர் சலுகைச் சீட்டை நம்பிப் பண்டிகைக் காலத்தில் கிளம்ப முடியாது. முதல் சில ஆண்டுகளில் நீங்கள் அவளிடம் போய் இருப்பதே நடைமுறைக்கு ஒத்து வரும் என்று நினைக்கிறேன். பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை வருவதும் அதே கிறிஸ்துமஸ் வாரத்தில்தானே.

பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அண்ணன் மகன் டிசம்பர் மாதத்துக்கு எழுதிக் கொடுத்த விருப்பப் பட்டியலையும், அவனுக்குக் கிடைத்த அட்டவணையையும், தன் நிறுவனம் அனுமதித்தால், உங்கள் மகளுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளே படிக்கட்டும். நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். படித்த பிறகு அவளுக்குத் தோன்றும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, வரும் சனிக்கிழமை காலையில் அவளை மட்டும் அனுப்பி வையுங்கள்.