பத்துக்கு எட்டு

கேள்வி: பத்துக்கு எட்டுப் பொருத்தம் உள்ள வரன் வந்திருக்கிறது. "எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள், நிம்மதியாக இருப்பாய்" என்கிறார் அப்பா. சரிதானா? (வாசகி, தேனி)

பதில்: எட்டா! கைவிட்ட இரண்டு எவை என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே. கணம் (நட்சத்திரத்தை வைத்துத் தேவர், மனுஷர், ராட்சசர் என்று பிரிப்பது) இடித்திருந்தால் உங்களில் ஒருவர் ராட்சச கணமாக இருக்கலாம், அது யார் என்று முகூர்த்தத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. யோனி (நட்சத்திரத்துக்கு ஒரு விலங்கு என்ற கணக்கு) இடித்திருந்தால் ஒருவர் பூனை, ஒருவர் எலியாக இருக்கலாம். பொருத்தமே பார்க்காத வீடுகளிலும் இந்த ஏற்பாடு தடங்கலின்றி நடக்கிறது. (ராசிபலன் பக்கம் போடச் சொல்லி எங்கள் விற்பனைப் பிரிவு வருடா வருடம் மல்லுக்கு நிற்கிறது. நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை கிடையாது.)

தொல்காப்பியரும் தன் நூலின் மெய்ப்பாட்டியல் என்ற பகுதியில் பத்துப் பொருத்தம் சொல்கிறார். நட்சத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. பிறப்பு, குல ஒழுக்கம் என்று நம் அப்பாக்கள் மனம் குளிரத்தான் ஆரம்பிக்கிறார், அப்புறம் வயது, உருவம், காமம், அருள் என்று போகிறது. எனக்குப் பிடித்தது அடுத்த நூற்பா. பொறாமை, கொடுமை, தன்னைத் தானே வியந்துகொள்வது, புறம்பேசுவது, வன்சொல், சோம்பல், மறதி இதெல்லாம் இருக்கக் கூடாதாம். மாப்பிள்ளை சோம்பேறியா என்று கட்டம் பார்த்துச் சொன்ன ஜோசியர் யாராவது உண்டா?

சரி, அப்பா விஷயம். மெக்நல்டி, கார்னி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், புதிதாகக் கல்யாணமான 82 ஜோடிகளை நான்கு வருடம் கவனித்து 2004இல் எழுதினார்கள். பிரச்சினை வந்தால் பேசித் தீர்க்கத் தெரிந்தவர்களுக்கு நிறைய எதிர்பார்ப்பது நல்லதே செய்திருக்கிறது, அது தெரியாதவர்கள்தான் எதிர்பார்த்து எதிர்பார்த்து நொந்துபோனார்கள். ஆக அப்பா பாதி சரி. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா தன் மகனுக்கு இதே புத்தி சொல்லியிருப்பார் என்கிறீர்களா? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது, அந்தப் பக்கத்து எதிர்பார்ப்பு இன்னும் கார், பவுன் என்றுதான் கணக்குப் பேசுகிறது. குறைத்துக்கொள்ளும் வேலை மட்டும் பெண்ணுக்கு!

நீங்கள் எதையும் குறைக்க வேண்டாம், நேரில் கேட்டுவிடுங்கள். வேலையை விடச் சொல்வாரா, உங்கள் சம்பளம் யார் கையில் போகும், உங்கள் அப்பா அம்மாவுக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது. பதிலைவிட, பதில் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றாரானால் அந்த அம்மாவிடமே நேரடியாகப் பேசிவிடுங்கள், நேரமாவது மிச்சம்.