கோடும் கச்சேரியும்

வணக்கம் அண்ணை,

புதுக்குடியிருப்புப் பக்கம் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி, கிற்றார் மாதிரி நாலு கம்பிச் சின்ன வாத்தியம், ஒரு யுக்குலேலே தந்துவிட்டுப் போனான். பிள்ளைகளின் பாட்டுக்கு வாசிக்க ஆசை. மூன்று கிழமையாகப் பழகுகிறேன். கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் கோட்டுகளில் (chord) சி, ஏ மைனர், எஃப் வருகிறது. ஜி வரவே மாட்டுதாம். மூன்று விரலையும் வைத்து முடிக்கப் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. விரல் நுனியும் நோகிறது. மேற்கம்பி கிற்றாரில் போல மொத்தமாகவும் இல்லை, மாறிப் பூட்டிவிட்டார்களோ? தோட்டம் கொத்தின கைக்கு இது சரிவராதோ?

– ச.

அன்புள்ள ச.,

நான் "கோட் பழகுறன்" என்று முதன்முதல் சொன்னபோது அம்மம்மா "ஆரோட வழக்கு?" என்று கேட்டா. கோடு கச்சேரி என்று அலைந்து களைத்த சனம், வேறென்ன நினைப்பா!

கம்பி மாறவில்லை. மேலே இருக்கும் நாலாம் கம்பியான ஜி, முதற்கம்பியான ஏ-யை விட ஒரு சுரம்தான் கீழே. நாலிலும் தடித்த குரல் மூன்றாம் கம்பியான சி-க்குத்தான். 1879இல் மதேராவிலிருந்து ஹவாய்க்குப் போன போர்த்துக்கேயர் கொண்டுபோன சின்ன வாத்தியத்தில் இருந்து வந்த சாமான் இது. எங்கள் பைலாப் பாட்டுக்கும் வேர் போர்த்துக்கேயரிடம்தான்; ஒன்றுவிட்ட சொந்தம் என்று வையுங்கள்.

இனி ஜி கோட். நிலத்துப் பக்கம் இருப்பது முதற்கம்பி. கழுத்தில் உலோகத் தண்டுகளுக்கு இடையில் இருப்பது கட்டம், தலைப் பக்கமிருந்து எண்ணுங்கள். சுட்டுவிரல் மூன்றாம் கம்பியில் இரண்டாம் கட்டம், நடுவிரல் முதற்கம்பியில் இரண்டாம் கட்டம், மோதிரவிரல் இரண்டாம் கம்பியில் மூன்றாம் கட்டம். மூன்று அடுப்புக்கல் வைத்த மாதிரி இருக்கும். நீங்கள் கல்லை ஒவ்வொன்றாக வைக்கிறீர்கள், அதுதான் நேரம் போகிறது. வலக்கையை மடியில் போட்டுவிடுங்கள். ஜியைப் பிடித்து, வடிவம் குலையாமல் மூன்று விரலையும் அரை அங்குலம் தூக்கி, ஒன்றாக இறக்குங்கள். திரும்பவும் தூக்குங்கள். நான் கரண்ட் இல்லாத இரவுகளில் இருட்டுக்குள் இருந்து இதைத்தான் செய்தேன். கண் பார்க்காதபோது விரல் தானே வழி தேடும்.

ஒரு கோட் பிடிப்பது பெரிய வேலையில்லை, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவதுதான் வேலை. அதனால் எந்த விரலை எடுக்காமல் விடலாம் என்று பாருங்கள். ஏ மைனரில் நாலாம் கம்பியில் இருக்கும் நடுவிரலை அசைக்காமல், சுட்டுவிரலை இரண்டாம் கம்பியின் முதற்கட்டத்தில் வைத்தால் எஃப். அந்தச் சுட்டுவிரலை அப்படியே விட்டு, நடுவிரலை மூன்றாம் கம்பிக்கு இறக்கி, மோதிரவிரலை முதற்கம்பியின் இரண்டாம் கட்டத்தில் வைத்தால் ஜி செவன். அங்கிருந்து சி கோட்டுக்குப் போக, மோதிரவிரலை எடுக்காமலே ஒரு கட்டம் முன்னுக்கு வழுக்கிவிட்டு மற்ற இரண்டையும் தூக்கினால் சரி.

நோவுக்கு: மண்வெட்டி தந்த காய்ப்பு உள்ளங்கையில் இருக்கிறது, நுனிக்கு இனித்தான் வரும். அதுவரை பத்துப் பத்து நிமிடமாகப் பழகுங்கள். கட்டத்தின் நடுவில் அழுத்தாமல், முன்னுக்கு இருக்கும் உலோகத் தண்டுக்குக் கிட்ட அழுத்தினால் பாதிப் பலம் போதும். இடக்கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நகம் இருந்தால் விரல் சரிந்து பக்கத்துக் கம்பியின் வாயை அடைத்துவிடும்.

மற்றது, தகரத்துக்குக் கீழே வெக்கையில் வைக்காதீர்கள். மாங்குளத்தில் மத்தியான வெயிலில் நின்ற வானுக்குள் என்னுடையதை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்க்க, கம்பிகளைக் கட்டியிருக்கும் பாலம் பசை விட்டுக் கழன்று நாலு கம்பியிலும் தொங்கிக்கொண்டு கிடந்தது.

ஜி வரும்வரை பாட்டை நிறுத்தவேண்டாம். சியில் பாடும் பாட்டுகளில் ஜி வருகிற இடத்தில் ஜி செவனைப் போடுங்கள். முன்பள்ளிப் பிள்ளைகள் ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம்.