190 கிலோ கோரில் கூடுதல் 72 வாட்

வணக்கம் சார்,

தருமபுரியில் மின்னியல் படிக்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு ரீவைண்டிங் பட்டறையில், மாங்கூழ் ஆலை ஒன்றின் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் கோர் (எஃகுத் தகடுகளை அடுக்கிய உள்ளகம்) இழப்பைக் கணக்கிட்டேன். தகடு 0.27 மி.மீ., எடை 190 கிலோ. 1.7 டெஸ்லாவில் கிலோவுக்கு 1.2 வாட் என்கிறது கேட்டலாக். 228 வாட் வரவேண்டும், மீட்டர் 300 காட்டுகிறது. ஹிஸ்டரிசிஸ் (காந்தத் திசை மாறி மாறிப் புரள்வதால் வரும் இழப்பு), சுழல் மின்னோட்டம் (தகட்டுக்குள் தூண்டப்பட்டுச் சுழலும் மின்னோட்டத்தின் இழப்பு) இரண்டையும் கூட்டும் சூத்திரத்தில் சுழல் மின்னோட்டக் கெழுவை உயர்த்திப் பொருத்திவிட்டேன். சரியா?

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை. அந்தக் கெழு உங்கள் கையில் இல்லை; தகட்டின் தடிமனும் மின்தடையும் தீர்மானிப்பது அது. 3% சிலிக்கான் எஃகுக்கு மின்தடைத்திறன் சுமார் 48 மைக்ரோ ஓம் செ.மீ. 0.27 மி.மீ., 1.7 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸ் போட்டுப் பாருங்கள், கிலோவுக்கு 0.24 வாட்தான் வரும். 1.2இல் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சத்தில் ஹிஸ்டரிசிஸ் போக, காந்த டொமைன்களின் (ஒரே திசையில் காந்தமான சிறு பகுதிகள்) சுவர்கள் நகரும்போது அவற்றையொட்டிச் சுழலும் மின்னோட்டத்தின் இழப்பும் இருக்கிறது. அதிர்வெண்ணின் 1.5 அடுக்கில் ஏறும் அதை இத்தாலிய இயற்பியலாளர் பெர்டோட்டி 1980களில் தனி உறுப்பாகவே எழுதினார். உங்கள் சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. ஹிஸ்டரிசிஸ் இழப்பு காந்தப் பாய அடர்த்தியின் (டெஸ்லா) 1.6 அடுக்கில் ஏறும் என்ற ஸ்டெய்ன்மெட்ஸின் விதியையும் நம்பாதீர்கள். அது 1892இன் இரும்புக்கு. இன்றைய தகட்டில் 1.5 முதல் 1.7 டெஸ்லா வரை மொத்த இழப்பு 2.5 அடுக்கையும் தாண்டி ஏறும். கேட்டலாக் வளைகோட்டையே அட்டவணையாக்கிக்கொள்வது மேல்.

அடுத்தது, அந்தக் கேட்டலாக் எண் பட்டைத் தகட்டுக்குரியது, கட்டிய கோருக்கல்ல. மூன்று கால் கோரின் மூலைகளிலும் நடுக்கால் யோக்கை (கால்களை இணைக்கும் குறுக்குப் பகுதி) சந்திக்கும் இடத்திலும் காந்தப் பாயம் தகட்டின் உருட்டுத் திசையை விட்டு விலகும், சுழலும். 10 முதல் 30 சதவீதம் கூடுவது சகஜம். உங்களுடையது 32.

எங்கே கூடியது என்று சோதித்தே பார்க்கலாம். நடுக்காலில் 10 சுற்றுத் தேடுசுருள் (பாயத்தை அளக்கும் கம்பிச் சுருள்) போடுங்கள். நிகரப் பரப்பு 0.012 சதுர மீட்டர் என்றால் 1.7 டெஸ்லாவுக்கு 50 ஹெர்ட்ஸில் 45.3 வோல்ட், 40இல் 36.2, 25இல் 22.6. சராசரியை அளக்கும் வோல்ட்மீட்டர் வேண்டும். பாயத்தின் உச்சம் சராசரி வோல்ட்டைப் பின்தொடர்வது, ஆர்எம்எஸ்ஸை அல்ல. பவர் ஃபாக்டர் குறைவு என்பதால் அதற்கென்றே உள்ள எல்பிஎஃப் வாட்மீட்டர் வேண்டும். அதிர்வெண் மாற்ற ஓசூர்ப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் விஎஃப்டியை (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) நேரடியாகக் கொடுக்காதீர்கள். அதன் துடிப்புகள் தாமே இழப்பைக் கூட்டும். டிசி மோட்டார் ஓட்டும் சின்ன ஆல்டர்னேட்டர் போதும்.

20, 30, 40, 50, 60 ஹெர்ட்ஸில் வாட்டை அளந்து அதிர்வெண்ணால் வகுங்கள். ஒவ்வொன்றிலும் கணக்கிட்ட சுழல் மின்னோட்டப் பங்கையும் அதேபோல் வகுத்துக் கழியுங்கள். மிச்சத்தை அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் அது அச்சை வெட்டும் இடம் ஹிஸ்டரிசிஸ், சரிவு டொமைன் பங்கு. வெட்டும் இடம் உயர்ந்திருந்தால் தகட்டில் அழுத்தம் தங்கியிருக்கிறது, அல்லது இணைப்பில் இடைவெளி. வெட்டிய பின் 800 டிகிரி அளவில் நைட்ரஜனில் அனீல் (சூடாக்கி மெல்ல ஆறவிட்டு அழுத்தம் நீக்குதல்) செய்தார்களா, போல்ட் அளவுக்கு மீறி இறுகியதா என்று பட்டறையில் கேளுங்கள். கோடு மேல்நோக்கி வளைந்தால் பிசிறு (வெட்டிய விளிம்பில் துருத்தும் முனை). வெட்டு விளிம்பு தகட்டுக்குத் தகடு தொட்டுப் பெரிய வளையமாக மின்னோட்டம் ஓடுகிறது. பிசிறு 0.02 மி.மீ.க்குள் இருக்கவேண்டும், விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் பெரியது மாட்டும்.

பழைய டிரான்ஸ்பார்மரில் கழற்றிய தகட்டையே திரும்ப வெட்டியிருந்தால் நான் முதலில் பிசிறைத்தான் சந்தேகிப்பேன். மாங்கூழ் ஆலை சீசனில்தான் ஓடும், டிரான்ஸ்பார்மர் வருடம் முழுக்க லைனில் இருக்கும். அந்த 72 வாட் வருடத்துக்கு 630 யூனிட்.