களஞ்சியத்தில் தானியம் எங்கே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மதுரை மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பண்டைய நாகரிகங்கள் பற்றி ஆய்வறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறேன். எகிப்து, மெசபடோமியா, சீனா, சிந்துவெளி என்று குழுவுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். பாதிப் பேர் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். எத்தனை பக்கம் எழுதச் சொல்லலாம்? என்னென்ன தலைப்புகள் கொடுக்கலாம்? செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த விடலாமா? ஒரு பையன் மட்டும், “மொகஞ்சதாரோவுல இருந்தது தானியக் களஞ்சியம்னு எப்படி டீச்சர் கண்டுபிடிச்சாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பாடம் முடிக்கவே நேரமில்லை. “புத்தகத்துல இருக்கறத எழுதுடா” என்று சொல்லிவிட்டேன். நீங்கள்தான் வழிகாட்ட வேண்டும்.

பெயர் வேண்டாம்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பக்கக் கணக்கை விடுங்கள், நான்கு பக்கம் தாராளம். செயற்கை நுண்ணறிவு பற்றி இப்போது பேச எனக்கு விருப்பமில்லை. எழுதியதை எதிரில் உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டால் எது யார் எழுதியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியவன் அந்தப் பையன். ஆய்வறிக்கை எழுதச் சொன்னீர்கள். வகுப்பில் ஒரே ஒருவன் ஆய்வைத் தொடங்கினான். அவனை உட்காரச் சொல்லிவிட்டீர்கள். கோபம் வருகிறது டீச்சர், மறைக்க மாட்டேன். நேரமில்லை என்கிறீர்கள். நான்கு நாகரிகங்களை நாற்பது பிள்ளைகள் பிரிண்ட் எடுத்து ஒட்டுவதற்கு நேரம் இருந்ததே.

அவன் கேட்டது, அறிஞர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. மொகஞ்சதாரோவில் பெருங்குளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளம் இருக்கிறது. வரிசை வரிசையாகச் செங்கல் மேடைகள், நடுவே குறுகிய சந்துகள். 1950இல் அங்கே தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அதைத் தானியக் களஞ்சியம் என்றார். மேடைகள்மேல் மரத்தாலான கட்டடம் இருந்திருக்கும், சந்துகள் காற்றோட்டத்துக்கு, ஓரத்து மேடை மூட்டை ஏற்றி இறக்க. இப்படிப் போனது அவருடைய ஊகம். பாடப்புத்தகத்துக்கு வந்து சேர்ந்தபோது ஊகம் என்பது உதிர்ந்துபோய்க் களஞ்சியம் மட்டும் நின்றது.

என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல் கிடங்கில் கணக்கெழுதினார். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். மூட்டையை வெறுந்தரையில் போடவே மாட்டார்கள். சவுக்குக் கட்டைகளைப் பரப்பி அதன்மேல்தான் அட்டி போடுவார்கள். தரையின் ஈரம் ஏறினால் அடிமூட்டை பூசணம் பிடித்துவிடும். இரண்டு அட்டிக்கு நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குச் சந்து விடுவார்கள். வீலரின் கட்டடத்து வரைபடத்தை முதலில் பார்த்தபோது அந்தச் சந்துதான் ஞாபகம் வந்தது. மனுஷன் சும்மா சொல்லவில்லை என்று தோன்றியது.

ஆனால் அதே கிடங்கில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். மூட்டையெல்லாம் லாரி ஏறிப்போன பிறகு தரையை இரண்டு தடவை கூட்டுவார்கள். அப்படியும் சுவரோரத்து வெடிப்பில் நெல் கிடக்கும். எலி வளையைத் தோண்டினால் கைப்பிடி கைப்பிடியாக வரும். மழை பெய்து ஒழுகினால் வாசற்படி இடுக்கில் முளைத்து நிற்கும். தானியம் இருந்த இடம் அவ்வளவு லேசில் சுத்தமாகாது.

வீலரின் களஞ்சியத்தில் தானியம் கிடைத்ததாகப் பதிவில்லை.

உடனே ஒரு பிள்ளை எழுந்து, “அதெல்லாம் மக்கிப் போயிருக்கும் டீச்சர்” என்பாள். நல்ல கேள்வி, அவளையும் உட்காரவைத்துவிடாதீர்கள். கருகிய தானியம் ஆயிரக்கணக்கான வருடம் கிடக்கும். அதே மொகஞ்சதாரோவில் வேறு இடங்களில் கோதுமையும் பார்லியும் கிடைத்திருக்கின்றன. ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கிடந்த பருத்தித் துணித் துணுக்குகூடத் தப்பியிருக்கிறது. துணியே தப்பியிருக்கும்போது, ஊருக்கே சோறு போட்ட இடத்தில் ஒரு மணிகூடவா மிஞ்சாது? ஹரப்பாவில் நீண்ட காலம் அகழ்ந்த மார்க் கெனோயர் இந்தக் கட்டடத்தைப் ‘பெரிய மண்டபம்’ என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். கோயிலோ அரண்மனையோ கிடங்கோ, உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை.

தலைப்புகள் கேட்டீர்கள். அமைவிடம், நகர அமைப்பு, சமயம், வீழ்ச்சி என்று பட்டியல் போடாதீர்கள். அந்தப் பட்டியல்தான் பிள்ளைகளைப் பிரவுசிங் சென்டருக்கு அனுப்புகிறது. நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் மண்ணிலிருந்து கிடைத்தது. அந்தப் பக்கம் அதைப் பார்த்து யார் என்ன சொன்னார்கள், எந்த வருடம் சொன்னார்கள். இந்தப் பக்கம் காலியாக இருந்து அந்தப் பக்கம் நிரம்பியிருந்தால் பிள்ளைக்கே உறைக்கும்.

வீலர் 1940களின் கடைசியில் இன்னொன்றும் சொன்னார். மொகஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக்கூடுகளைக் காட்டி, ஆரியர் படையெடுத்து வந்து நடத்திய படுகொலை என்றார். 1964இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் அந்தச் சான்றுகளை மறுபடி அலசி எழுதினார். எல்லாம் ஒரே மண்ணடுக்கைச் சேர்ந்தவையும் இல்லை, ஒரே நாளில் செத்தவர்களும் இல்லை. நம்முடைய பேச்சு மேடைகளில் இன்றைக்கும் அந்தப் படுகொலை நடந்துகொண்டிருக்கிறது. ஏழாம் வகுப்பில் கோடு போடக் கற்றவன் நாளைக்கு மேடைக்குக் கீழே நின்று, எந்த அடுக்கில் கிடைத்தது என்று கேட்பான். அவன் கீழடிக்குப் போனாலும் அதையேதான் கேட்க வேண்டும். நம்முடையது என்பதற்காக அங்கே மட்டும் விட்டுவிடக் கூடாது.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. வாக்காளர் பட்டியல் வேலையும் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காத ஒரு வேலையைப் பிள்ளைகளுக்காக இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன்.

நாளைக்கு அந்தப் பையனைக் கூப்பிடுங்கள். சிந்துவெளிக் குழுவுக்கு அவன் கேள்வியையே தலைப்பாகக் கொடுங்கள். பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையம் இருந்தால் ஒரு சனிக்கிழமை அனுமதி வாங்கிக் குழுவைக் கூட்டிப்போங்கள், இல்லாவிட்டால் ரேஷன் கடைக் கிடங்கு. மூட்டை எப்படி அடுக்கியிருக்கிறது, எவ்வளவு சந்து விட்டிருக்கிறது, காலியான இடத்தில் என்ன சிந்திக் கிடக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதட்டும். வீலர் சொன்னது சரியா தப்பா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. இரண்டு பக்கமும் எழுதிவிட்டு, இன்னும் தெரியவில்லை என்று முடித்திருந்தால் முழு மதிப்பெண் போடுங்கள்.